கியூ தோட்டத்துச் சீனக் கோபுரமும் ஒரு வாங்கும்

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. லண்டன், மோர்டனில் எங்கள் வீட்டிலிருந்து நான் வெளிக்கிடும்போது அண்ணை குசினிக்குள், அடுப்படிக்குப் பக்கத்தில், கதவைச் சாத்திக்கொண்டு என் சப்பாத்துகளுக்குக் கறுப்புப் பொலிஷ் போட்டு முடித்திருந்தார். 1988ஆம் ஆண்டு, சித்திரை மாதம். இரவு பெய்த மழை விட்டிருந்தது. வெயில் இருந்தாலும் ஓவர்கோட் இல்லாமல் வெளியே போக முடியாத குளிர்.

லண்டனில் இருந்தும் கியூ தோட்டத்தைப் பார்க்காத தமிழர்களுக்காக ஒரு பயணக் கட்டுரை வேண்டும் என்று எங்கள் சங்கத்து ஆண்டு மலரைப் போடுகிறவர்கள் கேட்டிருக்கிறார்கள். மரங்களையும் கட்டிடங்களையும் எழுதினால் போதும், சொந்தக் கதை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். நான் அங்கே முதன்முதல் போனது ஆறு வருடத்துக்கு முன்னால். போன காரணத்தை விட்டுவிட்டு மரத்தை மட்டும் எழுதினால் அது பொய்க் கட்டுரை. அண்ணையும் இதை வாசிப்பார். வாசிக்கட்டும்.

எனக்கு இடது கால் கட்டை. நாலு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம். இடது சப்பாத்தின் அடி மூன்று அங்குலம் தடித்திருக்கும். நடக்கும்போது உடம்பு இடப்பக்கம் சாய்ந்து எழும்பும், ஆனால் ஊன்றுகோல் தேவையில்லை. எங்கள் கவுன்சில் நூலகத்தில் நாள் முழுக்கப் புத்தக வண்டி தள்ளுகிறவள் நான். இதையெல்லாம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கம் முழுவதையும் வீட்டார் தங்களுக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு என்னைப் பெண் பார்க்க ரொறொன்ரோவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்திருந்தார். கூடத் தாயார். கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள், புதன்கிழமை திரும்பிவிடுவார்கள். இந்த ஊரில் எங்கள் ஆட்கள் பெண் பார்ப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வரமாட்டார்கள். கோயிலிலோ பூங்காவிலோ இரண்டு பகுதியும் தற்செயலாகச் சந்தித்ததுபோலச் சந்திப்பார்கள். சரிவராவிட்டால் ஒருவருக்கும் மரியாதைக் குறைவில்லை, பூ பார்க்கப் போனோம், யாரையோ கண்டோம், அவ்வளவுதான். மாப்பிள்ளையின் தாயாருக்குக் கியூ தோட்டம் பார்க்க ஆசை. அங்கே சீனப் பாணியில் ஒரு பகோடா நிற்கிறது, உயரமானது, யாரும் தவற விட முடியாது. ஆகவே இரண்டு மணிக்குப் பகோடாவடியில் தற்செயலாகச் சந்திப்பதென்று முடிவாயிற்று.

அண்ணையின் திட்டம் இதுதான். கோபுரத்துக்கு அருகே ஒரு வாங்கு இருக்கிறது, நீளமான மர இருக்கை. அவர்கள் வருமுன்னர் நான் அதில் இருந்துவிட வேண்டும். சேலைக் கரை சப்பாத்தை மூடியிருக்க வேண்டும். அவர்கள் போகும்வரை எழும்பக் கூடாது. அவர்கள் மாப்பிள்ளையின் படம் அனுப்பியிருந்தார்கள், என் படத்தை அண்ணை அனுப்பவில்லை.

இதற்கு முன்னர் இரண்டு கலியாணப் பேச்சு இப்படித்தான் நடந்தது. அப்போது வீட்டில், சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் என்னை இருத்தி, நிலம் தொடும்படி மேசைவிரிப்புப் போட்டார்கள். தேத்தண்ணீர் கொண்டு வந்து கொடுப்பது பெண் செய்கிற வேலை. எங்கள் வீட்டில் அண்ணையின் மனைவி, என் மச்சாள், கொண்டு வந்தா. வந்தவர்கள் மச்சாளைத்தான் பெண் என்று நினைத்து ஒருமுறை பேர் கேட்டுவிட்டார்கள். பிறகு யாரோ டெலிபோனில் விஷயத்தைச் சொல்ல, இரண்டும் முறிந்தது. "முதல்ல ஆளைப் பிடிக்கட்டும், காலைப் பிறகு சொல்லலாம்" என்பது அண்ணையின் கொள்கை. காலை விட்டுவிட்டு ஆளை எங்கே பிடிப்பது என்று நான் கேட்டால் கோபம் வரும்.

"பிள்ளை, காரில போவம்" என்றார் அண்ணை, சப்பாத்தை நீட்டியபடி. "லயன் கேட்டில இறங்கினாப் பகோடா கிட்டத்தான். நடக்கத் தேவையில்லை."

"நான் ரெயிலில வாறன்."

"ஏன் இந்தக் கரைச்சல்?"

"லண்டனுக்கு வந்து நாலு வருசம், இன்னும் கியூ தோட்டம் பார்க்கேல்லை. அதைப் பார்க்கப் போறன்."

"தோட்டம் பார்க்கவே இப்ப வெளிக்கிடுறம்?"

"மற்ற ஆக்களுக்கு அப்பிடித்தானே சொல்லப் போறியள்?"

மச்சாள் இடையில் வந்தா. "இஞ்சாருங்கோ, அவவை விடுங்கோ. நேரத்துக்கு வந்து இருந்தாச் சரி."

அண்ணை விரலை நீட்டினார். "ஒண்டே முக்காலுக்கு நீ வாங்கில இருக்க வேணும். அவை வந்தா எழும்பாதை. நான் கதைப்பன். நீ சிரிச்சுக்கொண்டிரு, அது காணும்."

"பார்ப்பம்" என்றேன்.

மோர்டனிலிருந்து கியூவுக்குப் போக வழி பல. நான் போனது 93ஆம் இலக்க பஸ்ஸில் விம்பிள்டன், அங்கிருந்து டிஸ்டிரிக்ட் லைனில் ஏர்ல்ஸ் கோர்ட், அங்கே மாறி ரிச்மண்ட் போகும் ரெயில். பஸ் ஓட்டுநர் ஜமேக்காக்காரர், நரைத்த தாடி. நான் ஏறி இருக்கையைப் பிடித்து இருக்கும்வரை கண்ணாடியில் பார்த்திருந்து, பிறகுதான் பஸ்ஸை எடுத்தார். அதில் பரிதாபம் எதுவும் இல்லை. இறங்கும்போது என் மெரூன் காஞ்சிபுரத்தைப் பார்த்து, "இன்றைக்குக் கலியாணமா?" என்று கேட்டார்.

"இன்றைக்கு இல்லை. நடக்குமா என்று பார்க்கத்தான் போகிறேன்" என்றேன்.

"உனக்கா?"

"எனக்குத்தான்."

"அப்படியானால் அவனைக் கொஞ்சம் காக்க வை" என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே நல்ல புத்திமதி அது.

ஏர்ல்ஸ் கோர்ட்டில் ரிச்மண்ட் ரெயிலுக்கு நிற்கும்போது ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணி வந்து பேச்சுக் கொடுத்தா. கணவர் ஆஸ்பத்திரியில் டாக்டராம். ரெயிலிலும் எனக்கு எதிரே இருந்தா.

"சிலோனா நீங்க?"

"ஓம்."

"கியூவுக்கா? நாங்க போன வாரம்தான் போனோம். அந்தப் பகோடாவ வெளிய இருந்துதான் பாக்கணும், உள்ள விடமாட்டாங்க. ஆனா ரொம்பத் தூரம் நடக்கணுங்க." கண் என் சப்பாத்துக்குப் போய் வந்தது. "கேட்டுகிட்டயே நல்லா பெஞ்சு போட்டிருக்காங்க. பேசாம அங்கயே உக்காந்துக்குங்க."

"நான் இருக்க வரேல்லை" என்றேன். அவ பத்திரிகையை எடுத்து விரித்தா. குரலில் காரம் கூடிப்போயிற்று என்று தெரிந்தது. ஆனாலும் கேளுங்கள், என்னைக் காண்கிற ஒவ்வொருவருக்கும் என்னை எங்கேயாவது இருத்திவிட வேண்டும்.

கன்னர்ஸ்பரி தாண்டியதும் ரெயில் தேம்ஸ் ஆற்றைக் கடக்கிறது. அடுத்தது கியூ கார்டன்ஸ். சின்ன ஸ்டேசன், வெளியே பூக்கடையும் தேத்தண்ணீர்க் கடையும். அங்கிருந்து மரங்கள் நிறைந்த ஒரு தெரு நேரே தோட்டத்து விக்டோரியா கேட்டில் கொண்டுபோய் விடும். சாதாரணக் காலுக்கு ஐந்து நிமிடம், என் காலுக்குப் பத்து. ஒரு காலத்தில் ஒரு பென்னிக்கு உள்ளே விட்டார்களாம். இப்போது கூட்டிவிட்டார்கள், என்றாலும் சினிமா டிக்கெட்டை விடக் குறைவுதான். டிக்கெட் கொடுத்த பெண் எட்டிப் பார்த்து, சக்கர நாற்காலி இருக்கிறது, காசில்லை, வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டாள். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி, வரைபடமும் ஒரு சின்னக் கையேடும் வாங்கிக்கொண்டேன்.

உள்ளே போனதும் குளத்துக்கு முன்னால் பாம் ஹவுஸ், பனை தென்னை வகைகளை வளர்க்கும் பென்னம்பெரிய கண்ணாடி வீடு. நான் போனபோது திருத்த வேலை நடந்தது, மூடியிருந்தது. முந்திய ஐப்பசியில் அடித்த பெரும் புயல் விழுத்திய மரங்களின் அடிக்கட்டைகள் அங்கங்கே கிடந்தன. பெரிய வேர்கள் மண்ணோடு கிளம்பி ஆள் உயரத்துக்கு நின்றன. அந்தப் பாம் ஹவுஸிலிருந்து தெற்கே, மரங்களுக்கு நடுவில், அகன்ற புல்வெளிப் பாதை ஒன்று ஓடுகிறது. ஏறக்குறைய அரை மைல், வளைவு நெளிவு இல்லை. அதன் மறு அந்தத்தில் சீனக் கோபுரம் நிற்கிறது.

முதல் பார்வையில் எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கிலாந்து மரங்களுக்கு மேலால் சீனாக்காரன் ஒருவன் தலையை நீட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. புல் நனைந்து சதசதவென்று கிடந்தது. நான் மெதுவாக நடந்தேன். வலக்கைப் பக்கம் இன்னொரு பெரிய கண்ணாடி வீடு, அது திறந்திருந்தது, திரும்பும்போது பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். தலைக்கு மேலே ஹீத்ரோவுக்கு இறங்கும் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவை மேலே வரும்போது தோட்டத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்துகிறார்கள், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். கியூவில் கதைக்கும் முறை அது.

கோபுரத்தடிக்கு வரப் பன்னிரண்டே முக்கால். எட்டுப் பக்கம் கொண்ட செங்கல் கட்டிடம், பத்துத் தட்டு, நூற்றறுபத்து மூன்று அடி. 1762இல் அரச குடும்பத்து அம்மையார் ஒருவரின் தோட்டத்துக்காகக் கட்டியது. ஒவ்வொரு தட்டும் கீழ்த் தட்டை விட ஓரடி அகலமும் ஓரடி உயரமும் குறைவு. கூரை மூலைகளில் ஒரு காலத்தில் மரத்தால் செய்த றாகன்கள், சீனத்துப் பறவைநாகங்கள், வாய் பிளந்து நின்றனவாம். கட்டி இருபது சொச்ச ஆண்டுகளில் அவற்றைக் கழற்றிவிட்டார்கள். கதவு பூட்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தட்டுத் தட்டாக நிலத்தில் துளை போட்டு, மேலிருந்து கீழே குண்டு மாதிரிகளை விழுத்தி, எப்படி விழுகிறது என்று பரிசோதித்தார்கள் என்று கையேட்டில் இருந்தது. குண்டு எப்படி விழும் என்று கேட்டிருந்தால் எங்கள் ஊரிலிருந்து யாராவது வந்து சொல்லியிருப்பார்கள், கோபுரத்தைத் துளைத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் கையேட்டில் இல்லாத ஒன்று எனக்குத் தெரியும். இங்கே வருவது முடிவானதும் எங்கள் நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் படித்திருந்தேன். சீனாவில் இந்தக் கோபுரங்களை ஒற்றைப்படைத் தட்டுகளாகத்தான் கட்டுவார்களாம். ஏழு, ஒன்பது, பதின்மூன்று. பத்து என்பது முறை இல்லை. நான் சுற்றி வந்து எண்ணினேன். பத்துத்தான். இன்னொரு முறை எண்ணினேன்.

முறைப்படி பார்த்தால் பிழையான கட்டிடம். இருநூறு வருடத்துக்கு மேலாக நிற்கிறது. ஒரு தட்டைச் சேலையால் மூடி ஒருவரும் மறைக்கவில்லை. மறைக்காததோடு நில்லாமல், அரை மைலுக்கு மரங்களை விலக்கி, உலகமே பார்க்கட்டும் என்று வெட்டவெளியில் விட்டிருக்கிறார்கள்.

பக்கத்தில் அண்ணை சொன்ன வாங்கு இருந்தது. கையால் தொட்டுப் பார்த்தேன், ஈரம். இதில் இருக்க மாட்டேன் என்று மோர்டனில் வெளிக்கிடும்போதே நினைத்துவிட்டேன். இராமல் என்ன செய்வது என்பதுதான் அதுவரை பிடிபடவில்லை. இப்போது பிடிபட்டது. வந்த வழியே திரும்பி, அந்த அரை மைலையும் நடந்து, பாம் ஹவுஸ் பக்கத்துக்கே போனேன்.

திறந்திருந்த கண்ணாடி வீட்டை இடையில் பார்த்தேன் என்று பயணக் கட்டுரைக்காக எழுதி வைக்கிறேன். இரும்புப் படியேறி மேல்நடைபாதையில் சுற்றலாம், செடிகளின் உச்சியை மேலிருந்து பார்க்கலாம், நன்றாக இருக்கும் என்கிறார்கள். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. காலை வேறொரு வேலைக்குச் சேமிக்க வேண்டியிருந்தது.

இரண்டு மணி அடித்தபின் நடக்கத் தொடங்கினேன். ஓவர்கோட்டைக் கழற்றிக் கையில் போட்டேன். சேலையை ஒரு பிடி தூக்கிச் செருகினேன், இரண்டு சப்பாத்தும் தெரிகிறாற்போல. குளிர் முதுகில் அடித்தது. இடது கால் ஏற்கெனவே நோகத் தொடங்கியிருந்தது, குதிக்கால் உரசிக் கொப்புளம். பாதையின் நடுவில் நடந்தேன். ஓரமாக நடந்தால் மரம் மறைக்கும்.

பாதி தூரம் வந்தபோது அவர்களைக் கண்டேன். வாங்கில் மூன்று பேர், பக்கத்தில் அண்ணை நீலக் கோட்டோடு நின்றார். நான் அவர்களைக் கண்டேன் என்றால் அவர்களும் என்னைக் காண்கிறார்கள். மஞ்சளும் சாம்பலுமான கோட்டுகளுக்கு நடுவில் ஒரு மெரூன் சேலை, ஒவ்வொரு அடிக்கும் இடது பக்கம் சாய்ந்து எழும்பிக்கொண்டு வருகிறது. அண்ணை கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். பிறகு கையை இறக்கினார். பிறகு மற்றப் பக்கம் திரும்பி, கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த இடத்தில் என் கால் நின்றுவிட்டது. இடக்கைப் பக்கம் மரங்களுக்கூடாகப் போனால் றோட்டுக் கேட் வரும், பஸ் பிடிக்கலாம். பத்து வயதில் பள்ளிக்கூடம் போகும்போதும் அண்ணை இருபது கஜம் முன்னால்தான் போவார். எனக்கு அது பழகியது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு, அவருடைய முதுகைப் பார்த்தபோது, அழுகை வந்தது. அழுதேன், கொஞ்சம்தான். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு நேரே நடந்தேன்.

கிட்ட வர வர எல்லாம் தெளிவாயிற்று. மச்சாள் மடியில், வீட்டில் பொரித்த ரோல்ஸ் பெட்டியை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தா. மாப்பிள்ளையின் தாயார் வெள்ளைச் சால்வை போர்த்த, நல்ல முகமுள்ள அம்மா. மாப்பிள்ளை கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டிருந்தார். அண்ணை திரும்பவில்லை.

"பாவம்" என்றா அந்த அம்மா, நான் காதால் கேட்கும்படி. "அங்க தூரத்திலயிருந்து வாறதைப் பார்த்துக்கொண்டிருந்தனாங்கள். இப்பிடிக் காலை வைச்சுக்கொண்டு இவ்வளவு தூரமோ?" வாங்கில் ஒரு பக்கம் அரக்கி இடம் விட்டா. "இதில இரும் பிள்ளை. இரும்."

நான் இருக்கவில்லை.

"தமிழ்ப் பிள்ளைதானே? ஆரோட வந்தனீர்? தனியவோ?"

பதில் என் நாக்கில் இருந்தது. நான் சொல்லவில்லை. இதைச் சொல்ல வேண்டிய ஆள் இரண்டு கஜத்துக்கு அப்பால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், அவரே சொல்லட்டும் என்று நின்றேன். மச்சாள் என்னையும் பார்த்தா, அண்ணையின் முதுகையும் பார்த்தா. நேரம் பார்த்து மேலே ஒரு விமானம் வந்தது. ஒருவரும் பேச முடியாது. அந்த அம்மா பதிலுக்குக் காத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி இருந்தா. அண்ணை என்னைத் தெரியாதென்றால், வழியில் வந்த யாரோ ஒரு பெண் என்று விட்டுவிட்டால், நான் அந்த வீட்டுக்கு இனிப் போவதில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. விமானம் ரிச்மண்ட் பக்கம் இறங்கிச் சத்தம் தேய்ந்தது.

"என்ர தங்கச்சி" என்றார் அண்ணை.

கோபுரத்துக்குத்தான் சொன்னார். பிறகு திரும்பினார். முகம் வெளிறியிருந்தது. "சாந்தினி. நீங்கள் பார்க்க வந்த பிள்ளை இவதான்."

அந்த அம்மா என் சப்பாத்தைப் பார்த்து, அண்ணையைப் பார்த்து, மறுபடி சப்பாத்தைப் பார்த்தா. "கால் இப்பிடியெண்டு நீங்கள் ஒருத்தரும் சொல்லேல்லையே, தம்பி."

அண்ணை மச்சாளைப் பார்த்தார்.

"சொல்லமாட்டினம் எண்டுதான் நான் நடந்து வந்தனான்" என்றேன். "இப்ப முழுக்கப் பார்த்திட்டியள். இனி டெலிபோனில ஒருத்தரும் புதுசா ஒண்டும் சொல்ல ஏலாது."

"இருந்தாலும் மறைச்சது பிழைதானே, பிள்ளை?"

"ஓம், பிழைதான்." அப்போதுதான் மாப்பிள்ளையை நேரே பார்த்தேன். வெயில் நன்றாக எறித்தது. அவர்கள் அனுப்பிய படத்தில் நெற்றி தெரியாத அளவுக்குத் தலைமயிர் இருந்தது. "உங்களுக்கு நல்லாக் குளிருதோ?"

அவர் முதலில் விளங்காமல் பார்த்தார். விளங்கியதும் முகம் சிவந்தது. தாயார் "அது வந்து" என்று தொடங்கினா. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். நடுத்தலை கோப்பை கவிழ்த்ததுபோல வழவழவென்று இருந்தது. ஓரங்களில் மட்டும் கொஞ்சம். முதலில் சிரித்தது அவர்தான்.

"படம் எடுத்து பத்து வருசம்" என்றார். அன்றைக்கு அவர் என்னோடு பேசிய முழுப் பேச்சும் அது.

மச்சாள் பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் ரோல்ஸ் நீட்டினா. எல்லாரும் சாப்பிட்டோம், நான் நின்றபடி. அந்த அம்மா கோபுரத்தை நிமிர்ந்து பார்த்து, வடிவான கட்டிடம் என்றா. எழும்பும்போது, "நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்" என்றா.

"யோசியுங்கோ" என்றேன். "நானும் யோசிச்சுச் சொல்லுறன்."

இரண்டு பகுதியும் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறோம். அதன்பின் என் வாழ்க்கையில் என்ன நடந்தது என்பது கியூ தோட்டத்துக்குச் சம்பந்தமில்லாதது.

அவர்கள் போய் மறைந்ததும் அண்ணை வெடித்தார். "மானத்தை வாங்கிப்போட்டாய். உனக்கு விசர். ஆசுப்பத்திரிக்குத்தான் கொண்டு போக வேணும்."

எனக்கும் கோபம் ஏறிவிட்டது. "ஒவ்வொரு ஞாயிறும் கதவைச் சாத்திப்போட்டு ரெண்டு சப்பாத்தையும் மினுக்கிறியள். ஒருத்தரும் பார்க்கக் கூடாதெண்டா ஏன் மினுக்கிறியள், அண்ணை? ஆர் பார்க்க?"

மச்சாள் பெட்டியை மூடினா. "விசரிதான்" என்றா என்னைப் பார்த்து. பிறகு தாழ்ந்த குரலில், "ஆனா நேராத்தான் நடந்து வந்தனி" என்றா.

லயன் கேட் கூப்பிடு தூரம், கார் அங்கே நின்றது. நான் ரெயிலில் போகிறேன் என்றேன். அண்ணை காலைப் பார்த்தார். கொப்புளம் உடைந்து சாக்ஸில் இரத்தம் ஊறியிருந்தது. கார்ச் சாவியை எடுத்து மச்சாளிடம் கொடுத்தார். மச்சாள் லைசென்ஸ் எடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனா.

அதே அரை மைல். மூன்று தரம் நடந்தாயிற்று, இது நாலாவது. பழக்கதோஷத்தில் அண்ணை முன்னால் எட்டி வைத்துப் போய்விட்டார். நான் வேகம் கூட்டவில்லை. கண்ணாடி வீட்டுக்குக் கிட்ட அவர் திரும்பிப் பார்த்து, நின்றார். நான் வந்து சேரும்வரை நின்றார். பிறகு என் பக்கத்தில் நடந்தார். என் நடைக்கு நடப்பது அவருக்குக் கஷ்டம், இரண்டு அடிக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும்.

"நான் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டிட்டன்" என்றார்.

"ஓம், கண்டனான். எத்தினை தட்டு?"

"எண்ணேல்லை."

"பத்து. ஒண்டு பிழை."

ஏன் பிழை என்று கேட்டார். ஒற்றைப்படைக் கதையைச் சொன்னேன். அவர் நடையை நிறுத்தித் திரும்பி நின்று, உதட்டை அசைத்து அசைத்து எண்ணினார். பத்து வந்தது. "பார்க்கப் பிழை தெரியேல்லையே" என்றார்.

"பிழையெண்டு ஆரும் சொன்னாத்தான் தெரியும்" என்றேன்.

இந்தத் தோட்டத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்பு. முழுநாள் வேண்டும். மழைக்குப் பிறகு போனால் நல்ல சப்பாத்துப் போடுங்கள், அந்தப் பாதை புல், சேறு பிடிக்கும். கோபுரத்தைக் கிட்ட நின்று பார்ப்பதை விடத் தூரத்திலிருந்து நடந்து வந்து பார்ப்பது சிறப்பு. அதற்காகத்தான் பாதை போட்டிருக்கிறார்கள். மோர்டனில் எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒன்றுபோல, முன்னுக்கு வேலி, ஜன்னலுக்கு இரண்டு திரை, வீட்டுக்குள் இருப்பது வீட்டோடு. கியூவில் அப்படி இல்லை. அந்தத் தெருவில் குடியிருந்த எனக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது.

ஐந்து மணி போல ஸ்டேசனுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பிளாட்பாரம் முழுக்கக் குடும்பங்கள், பூச்செடிகளோடு கிழவிகள், கால்பந்துச் சட்டை போட்ட பெடியள். அண்ணை என் சப்பாத்துகளைப் பார்த்தார். காலையில் அவர் போட்ட பொலிஷின் அடையாளமே இல்லை. இடது சப்பாத்தின் தடித்த அடி முழுவதும் சேறும் புல்லும் அப்பியிருந்தன. அவர் கோட்டுப் பையிலிருந்து லேஞ்சியை, தன் கைக்குட்டையை, எடுத்து, அந்தச் சனத்துக்கு நடுவில், என் காலடியில் குந்தினார். ஒருவர் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பார்ப்பவர்களைப் பார்க்கவில்லை. மூன்றங்குல அடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு துடைக்கத் தொடங்கினார்.

நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"விடுங்கோ, அண்ணை. அது இருக்கட்டும். நான் நடந்து எடுத்த சேறு."

அவர் குந்தியபடியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு லேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தார். ரெயில் வந்தது, ஏறினோம். ஒரே ஒரு இருக்கை காலியாக இருந்தது. அதைக் காட்டி, இரு என்று அவர் சொல்லவில்லை. நானாகவே போய் இருந்தேன்.